வாசகர் கேள்வி-பதில்: நாங்கள் இல்லாவிட்டாலும் நடக்கிற ஊர்

போன இதழில் வேறு எதற்கோ பதில் சொல்லும்போது நடுவில் ஒரு வரி எழுதியிருந்தேன்: "சில கேம்களில் நகரம் கடல் மாதிரி விரிந்து கிடக்கிறது, ஆனால் மயானம், சிலவற்றில் நாலே நாலு ஒழுங்கைதான், ஆனால் பெருநாளைக்கு முந்தின இரவுக் காத்தான்குடி மாதிரி இருக்கிறது" என்று. அவ்வளவுதான். அதைப் பிடித்துக்கொண்டு இந்த மாதம் கேள்விகள் வந்து குவிந்திருக்கின்றன. வைஃபை வரவில்லை, போன் பற்றரி வீங்கிவிட்டது என்று எழுதியவர்கள் கோபிக்க வேண்டாம், உங்களுக்கு அடுத்த மாதம். (பற்றரி வீங்கியவர் மட்டும் அடுத்த மாதம்வரை பார்த்துக்கொண்டிருக்காமல் இன்றைக்கே போனைக் கடைக்குக் கொண்டுபோங்கள்.)

அண்ணா, ஒரு கேமில் ஊர் உயிரோடு இருக்கிறது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? கிராபிக்ஸா, சனக் கூட்டமா, மேப்பின் அளவா?
— உயர்தர மாணவன், கல்முனை

மூன்றும் இல்லை தம்பி. ஒருநாள் காலையில் உங்கள் கல்முனைச் சந்தைக்குப் போய் அரை மணித்தியாலம் ஒன்றும் வாங்காமல் சும்மா நில்லுங்கள். ஒருவரும் உங்களைக் கவனிக்கமாட்டார். மீன் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போகிறவருக்கு ஐஸ் கரைகிற அவசரம், பஸ் நடத்துநர் "அக்கரைப்பற்று அக்கரைப்பற்று" என்று தொண்டை கிழியக் கத்துகிறார், மரக்கறிக்காரர் மிச்சக் காசு இல்லாமல் பக்கத்துக் கடையில் நோட்டு மாற்றுகிறார். நீங்கள் வருவதற்கு முன்னாலேயே எல்லாருக்கும் ஒரு வேலை இருந்தது, நீங்கள் போன பிறகும் இருக்கும். மறுகா ஒரு தக்காளிக் கூடையைக் காலால் தட்டி விழுத்திப் பாருங்கள், அத்தனை பேரும் உங்களைத்தான் பார்ப்பார்கள். (உண்மையாகவே தட்டிவிடாதீர்கள்.)

நான் பார்ப்பது இந்த இரண்டையும்தான். நீங்கள் சும்மா நின்றால் ஊர் உங்களை மறந்துவிட வேண்டும், கை வைத்தால் திரும்ப வேண்டும். முதலாவது இல்லாத ஊர் உங்களுக்காகக் காத்திருக்கிற நாடக மேடை. இரண்டாவது இல்லாத ஊர் சுவரில் ஒட்டிய படம்.

கூட்டம் மட்டும் போதாது என்பதற்கு 2014 இல் வந்த அஸாசின்ஸ் கிரீட் யூனிட்டியைப் பாருங்கள். பிரெஞ்சுப் புரட்சிக்காலப் பாரிஸ், ஒரே சதுக்கத்தில் ஆயிரக்கணக்கில் ஆட்கள், முதல் தடவை பார்த்தபோது நானும் வாயைப் பிளந்தேன். பத்து நிமிடம் நடந்த பிறகு அது விளைந்த வயலுக்குள் நடப்பது மாதிரி ஆகிவிட்டது. தள்ளிக்கொண்டு போனால் விலகும், பின்னால் மூடிக்கொள்ளும்.

மற்றப் பக்கம் யாக்கூசா வரிசையில் வருகிற கமுரோச்சோ. டோக்கியோவின் கபுகிச்சோ என்கிற களியாட்டப் பகுதியை மாதிரியாக வைத்துக் கட்டியது, இந்தத் தலையிலிருந்து அந்தத் தலைக்கு ஓடிப்போகச் சில நிமிடம் போதும். 2005 இல் வந்த முதல் கேமிலிருந்து திரும்பத் திரும்ப அதே தெருக்கள்தான். ஆனால் ஒவ்வொரு தடவையும் வருடம் மாறியிருக்கும். 1988 இல் நடக்கிற கதையில் அந்தத் தெரு ஜப்பானில் பணம் கொழித்த காலத்துத் தெரு, காசை வீசினால் சனம் ஓடிவந்து பொறுக்கும். பிந்திய கதைகளில் அதே மூலையில் வேறு கடை, வேறு விளம்பரம். வெளிநாட்டிலிருந்து பதினைந்து வருடம் கழித்து வந்தவர் மட்டக்களப்பு டவுனில் நின்று "இதில் முந்தி ஒரு புத்தகக் கடை இருந்ததே" என்று தடவித் தடவிக் கேட்பாரே, அந்த உணர்ச்சி ஒரு கேமில் எனக்கு வந்தது அங்கேதான். மேப்பைப் பத்து மடங்கு பெரிதாக்கியிருந்தால் வந்திராது.

ஜிடிஏ வைஸ் சிட்டியில் ஏதாவது ஒரு காரை எடுத்து ஓடினால் கொஞ்ச நேரத்தில் தெருவெல்லாம் அதே கார் வருகிறது. பின்னால் வந்தவனைத் திரும்பிப் பார்த்தால் ஆளே இல்லை. என் கணினியில் பிழையா?
— களுவாஞ்சிகுடி

பிழை இல்லை. உங்கள் கணினி நல்லது, கேம்தான் கஞ்சக் காலத்தில் பிறந்தது. அந்தக் கேம் 2002 இல் பிளேஸ்டேஷன் 2 க்காகச் செய்யப்பட்டது, அதன் பிரதான நினைவகமே 32 மெகாபைட்தான். இன்றைக்கு உங்கள் போனில் எடுக்கிற சில படங்களுக்கே அது காணாது. அதற்குள் தெரு, கட்டடம், ஆட்கள், சத்தம் எல்லாம் இருக்க வேண்டும் என்றால் ஒரே நேரத்தில் சில வகைக் கார்களை மட்டும்தான் ஏற்றி வைக்க முடியும். நீங்கள் ஓட்டுகிற கார் எப்படியும் நினைவகத்தில் ஏறியிருக்கிறது, அதனால் அதையே தெருவிலும் ஓட விடுகிறது. ஆட்களும் அப்படித்தான். உங்களைச் சுற்றி ஒரு வட்டம், அதற்குள் மட்டும் ஊர் இருக்கிறது, வட்டத்துக்கு வெளியே போனவரை அழித்துவிட்டு முன்னால் இன்னொருவரைப் பிறப்பிக்கிறது.

நம்முடைய கூத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வடமோடிக் கூத்தில் சேனை வருகிறது என்றால் எத்தனை பேர் வருகிறார்கள்? நாலு பேர். அந்த நாலு பேரும் மத்தள அடிக்குக் களரியைச் சுற்றி ஆடி வந்தால் நமக்கு அது சேனைதான், ஒருவரும் எண்ணிப் பார்த்துக்கொண்டு இருப்பதில்லை. விடியச் சாமத்தில் தேத்தண்ணீர் குடிக்கப் போய், களரிக்குப் பின்னால் துரியோதனன் பீடி பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கிறவருக்குத்தான் குழப்பம். நீங்கள் திரும்பிப் பார்த்தது அந்த மாதிரி.

இதில் எனக்கு மிகப் பிடித்தது அதே ஜிடிஏ வரிசையில் வந்த சான் அன்ட்ரியாஸின் பனிப்புகார். 2004 இல் வந்த அந்தக் கேமில் தூரத்தில் எப்போதும் ஒரு மங்கல் இருக்கும். நினைவகம் போதாததால் வைத்ததுதான், ஆனால் அது இன்னொரு வேலையும் செய்தது. மூன்று நகரங்களுக்கும் இடையில் பெரிய தூரம் இருக்கிற மாதிரிக் காட்டியது. 2021 இல் அந்தக் கேமைப் புதுப்பித்து விட்டபோது காற்றைத் துடைத்துவிட்ட மாதிரித் தெளிவாக்கிவிட்டார்கள், ஒரு மலையில் ஏறி நின்றால் அடுத்த நகரம் கைக்கெட்டும் தூரத்தில். பதினேழு வருடமாக நாங்கள் நம்பிய ஒரு மாநிலம் ஒரு கிராமசேவகர் பிரிவாகச் சுருங்கிப்போனது. விளையாடுகிறவர்கள் சத்தம் போட்டார்கள், போட்டது நியாயம்.

ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனித்தனி வாழ்க்கை, நேர அட்டவணை எல்லாம் கொடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும்தானே? கம்பனிகள் ஏன் செய்வதில்லை?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், வாழைச்சேனை

சேர், நேர அட்டவணை என்றதுமே ஆசிரியர் என்று தெரிந்துவிட்டது. செய்துதான் பார்த்திருக்கிறார்கள், இன்று நேற்றல்ல. 1988 இல் வந்த அல்டிமா 5 இலேயே ஊர்ச் சனம் காலையில் எழும்பி வேலைக்குப் போய், சாப்பிட்டு, இரவில் படுத்தது. 1999 இல் ஷென்மூ ஜப்பானின் யொக்கோசுக்காவில் 1986 இன் தெருவை எடுத்துக்கொண்டு, கடைகளுக்குத் திறக்கிற நேரம் மூடுகிற நேரம், ஒவ்வொருவருக்கும் வீடு என்று செய்தது. அந்த வருடத்தின் உண்மையான வானிலைப் பதிவின்படி மழையும் பனியும் பெய்கிற ஏற்பாடுகூட உள்ளே இருக்கிறது. ஒருவரைச் சந்திக்க வேண்டும் என்றால் அவர் வருகிற நேரம்வரை காத்திருக்க வேண்டும். பலருக்கு அது கொட்டாவி, எனக்குச் சொர்க்கம்.

2006 இல் ஒப்ளிவியன் ஒரு படி மேலே போனது. பாத்திரத்துக்கு அட்டவணை மட்டும் அல்ல, பசி மாதிரி ஒரு தேவையைக் கொடுத்து, அதைத் தீர்க்கிற வழியை அதனிடமே விட்டுப் பார்த்தார்கள். உருவாக்கும் காலத்தில் அவை ஒன்றிடம் ஒன்று திருடி, அடித்துக்கொண்டு, கதைக்குத் தேவையான ஆளையே கொன்று வைத்த கதையெல்லாம் உண்டு, பிறகு கயிற்றை இறுக்கித்தான் வெளியே விட்டார்கள். இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் வீடு, கட்டில், வேலை, பெயர் கொடுத்தால் ஆட்களைக் கூட்ட முடியாது. அதே கம்பனியின் ஸ்கைரிமில் வைட்ரன் பெரிய நகரம் என்று எல்லாரும் சொல்வார்கள், போய்ப் பார்த்தால் சில பத்துப் பேர். நம்மூர் மரண வீட்டுக்கு அதைவிட அதிகம் வரும்.

ஆனால் சேர், உண்மையிலேயே எல்லாருடைய வாழ்க்கையும் நமக்குத் தேவையா? நான் காலையில் பாண் வாங்குகிற கடைக்காரரைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒரு சேர்ட்டும் ஒரு இருமலும்தான். மூன்று நாள் கடை பூட்டிக் கிடந்தபோதுதான் அவருக்கு ஒரு வீடு இருக்க வேண்டும், அங்கே ஏதோ நடந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. அதாவது ஆள் தினமும் அங்கே இருக்க வேண்டும், ஒருநாள் இல்லாமல் போக வேண்டும். 2000 இல் வந்த மஜோராஸ் மாஸ்க் இதைத்தான் பிடித்துக்கொண்டது. ஒரு சிறிய ஊர், மூன்று நாள், மூன்றாம் நாள் முடிவில் நிலா விழுந்து எல்லாம் அழியும், மறுபடி முதல் நாளுக்குப் போக வேண்டும். திரும்பத் திரும்ப அதே மூன்று நாளை வாழ்ந்து வாழ்ந்து, தபால்காரன் எப்போது ஓடுவான், இரவில் எந்தக் கிழவியிடம் திருடன் பையைப் பறிப்பான் என்று உங்களுக்கே மனப்பாடமாகிவிடும். ஒருநாள் நீங்கள் திருடனைத் தடுத்தால் அதனால் வேறு எதுவோ மாறும். உங்கள் அட்டவணை அங்கே வேலை செய்கிறது, ஏனென்றால் அதைக் கவனிக்க ஆள் இருக்கிறார்.

மற்றக் கேம்கள் இப்போது குறுக்கு வழி எடுக்கின்றன, அதில் தப்பில்லை. விட்சர் 3 இன் நொவிகிராட்டில் மழை தொடங்கினால் தெருவில் நிற்கிறவர்கள் தாழ்வாரத்துக்கு ஓடுவார்கள். அவ்வளவுதான். அவர்களுக்குப் பெயர்கூட இல்லை, ஆனால் மார்கழி மழையில் கடை வாசலில் முன்பின் தெரியாத ஆறு பேரோடு ஒட்டிக்கொண்டு நின்ற ஒருவருக்கு வேறு எந்தச் சான்றும் வேண்டாம்.

சைபர்பங்க் 2077 வந்த கையோடு காசைச் சேர்த்து வாங்கினேன். ஊர் அழகு, ஆனால் பொம்மை. இப்போது திருத்திவிட்டார்கள் என்கிறார்கள். திரும்ப விளையாடலாமா?
— புளியந்தீவு

விளையாடலாம். 2020 டிசம்பரில் வந்தபோது இருந்த நிலைமைக்கு சோனி தன் இணையக் கடையிலிருந்தே அதைத் தூக்கிவிட்டது, அடுத்த வருடம் ஜூனில்தான் திரும்ப வைத்தது. கேம் அடிக்கடி உடைந்து விழுந்தது ஒரு பக்கம். என்னைக் குத்தியது வேறு. நடுத்தெருவில் காரை நிறுத்திவிட்டு இறங்கிப் போனால், பின்னால் வந்த கார்கள் சுற்றிக்கொண்டு போகத் தெரியாமல் வரிசையாக நின்றுகொண்டே இருக்கும். பழைய கல்லடிப் பாலத்தில் அதைச் செய்து பாருங்கள்! 2013 இல் பக்கத்தில் புதுப் பாலம் திறக்கும்வரை அந்த 1924 இரும்புப் பாலத்தில் ஒரு பக்கம் நிற்க மறுபக்கம்தான் போகலாம். ஒருமுறை என் மோட்டார் சைக்கிள் நடுப்பாலத்தில் நின்றுவிட்டது. முதல் நிமிடம் ஹோர்ன், இரண்டாம் நிமிடம் ஏச்சு, மூன்றாம் நிமிடம் ஏசினவரே இறங்கி வந்து பின்னால் தள்ளினார். தள்ளிக்கொண்டே ஏசினார். ஊர் என்றால் அது.

பொலிஸும் அப்படித்தான் இருந்தது, குற்றம் செய்தால் முதுகுக்குப் பின்னால் ஆவி மாதிரி முளைத்து நிற்பார்கள். 2023 செப்டெம்பரில் வந்த 2.0 திருத்தத்தில் அதை மாற்றி, வாகனத்தில் துரத்தி வர வைத்துவிட்டார்கள். இப்போது இரவில் சும்மா நடந்து திரியலாம். ஆனால் அந்தக் கேமின் நகரமான நைட் சிட்டியில் கடைக்காரர் என்னை ஞாபகம் வைத்திருக்கிறார் என்று இன்றுவரை தோன்றவில்லை.

இரவில் எல்லாரும் படுத்த பிறகு விளையாடுவதால் சத்தத்தை நிறுத்திவிடுவேன். நீங்கள் சொல்கிற உயிர் எனக்குத் தெரியவே இல்லை.
— அக்கரைப்பற்று

பாதி ஊரை நிறுத்திவிட்டு உயிரைத் தேடினால் எப்படி? ஒரு ஹெட்போன் வாங்குங்கள், மலிவானது போதும். கண்ணை மூடிக்கொண்டு உங்கள் பிரதான வீதியில் நின்றால் நேரம் சொல்லிவிடுவீர்கள்: பாங்கு, பாடசாலை மணி, பின்னேரம் பீத்தோவன் மெட்டைப் போட்டுக்கொண்டு வருகிற பாண் ஓட்டோ, அதற்குக் குரைக்கிற அதே நாய், இரவில் கொத்துரொட்டித் தகட்டின் சத்தம். நல்ல கேம் நகரங்களும் அப்படி, கண்ணுக்கு எட்டாத சந்தில் நடப்பதைக் காதில் நடத்திவிடும். ஆள் வரைவதைவிட அது செலவு குறைவும்கூட.

என் மகன் ஜிடிஏ விளையாடுகிறான். கேட்டால் "சும்மா ஊர் சுற்றுகிறேன் அம்மா" என்கிறான். பதின்மூன்று வயது. விடலாமா?
— ஒரு தாய், ஆரையம்பதி

அக்கா, ஊர் சுற்றுவது உண்மையாக இருக்கலாம், நானும் அப்படித்தான் சுற்றுவேன். ஆனால் அந்தக் கேம் பெரியவர்களுக்கென்று பெட்டியிலேயே போட்டிருக்கிறார்கள், ஐரோப்பிய அடையாளத்தில் 18. பதின்மூன்றுக்கு வேண்டாம். ஊர் சுற்றத்தான் ஆசை என்றால் ஸ்பைடர்மேனில் மான்ஹாட்டன் முழுக்கத் தொங்கித் திரியட்டும்.

மேப்பில் ஒரு புள்ளியைத் தொட்டால் உடனே அங்கே போய்விடுகிற வசதியைப் பாவிப்பீர்களா?
— மண்டூர்

மண்டூர்க்காரர் இதை என்னிடம் கேட்கிறீர்கள்! குருமண்வெளித் துறையில் பாதைக்காக (வாவியைக் கடக்கிற மிதவைக்கு நாங்கள் சொல்கிற பெயர்) காத்து நின்ற நேரத்தில்தானே பாதி ஊர்க் கதை தெரிந்தது. பாதை அக்கரையில் நிற்கும், இந்தக் கரையில் மோட்டார் சைக்கிள்கள், மரக்கறி மூட்டை, வெள்ளைச் சட்டையோடு பிள்ளைகள், கல்யாணத்துக்குப் போகிற ஒரு குடும்பம். ஏறினால் எல்லாருமாக மெதுவாக வாவியைக் கடப்போம். படுவான்கரை என்று ஒரு கரை வேறாக இருக்கிறது என்பது எனக்கு உடம்பில் பதிந்தது அந்தக் கடப்பில்தான். புள்ளியைத் தொட்டுப் போயிருந்தால் இரண்டும் ஒரே ஊர்.

அதற்காக வேலை முடிந்து வந்து ஒரு மணித்தியாலம் விளையாடுகிறவரைப் போய்க் குதிரையில் அரை மணித்தியாலம் ஓடு என்று சொல்லவும் முடியாது. ஜிடிஏ 4 இல் ஒரு நல்ல சமரசம் இருந்தது. டாக்ஸியை மறித்துப் பின் சீட்டில் ஏறினால், பயணத்தைத் தாண்டிவிடலாம், இல்லையென்றால் யன்னலோரம் இருந்து லிபர்ட்டி சிட்டியைப் பார்த்துக்கொண்டே போகலாம். நான் முதல் தடவை போகிற இடத்துக்குப் பார்த்துக்கொண்டு போவேன், திரும்பி வரும்போது தாண்டிவிடுவேன். பஸ்ஸில் போகும்போது யன்னல், வரும்போது நித்திரை, அதே கணக்கு.

கணினி இல்லை, போன் மட்டும்தான். உயிருள்ள ஊர் ஒன்று சொல்லுங்கள்.
— திருக்கோவில்

புல்லி. 2006 இன் கேம், 2016 இலிருந்து போனிலும் இருக்கிறது. ஒரு விடுதிப் பாடசாலையும் ஒரு சின்ன டவுனும்தான். மணி அடித்தால் வகுப்புக்குப் போக வேண்டும், போகாவிட்டால் மாணவத் தலைவர்கள் துரத்துவார்கள், இரவு இரண்டு மணிக்கு மேல் முழித்திருந்தால் நின்ற இடத்திலேயே சுருண்டு விழுவீர்கள். அங்கே படிக்கிற ஒவ்வொருவருக்கும் பெயர் உண்டு, ஒருவனுக்கு அடித்தால் அவன் கூட்டம் முழுக்கப் பகை.

மட்டக்களப்பை யாராவது இப்படி ஒரு கேமாகச் செய்தால் முதலில் எதை வைக்கச் சொல்வீர்கள்?
— மட்டக்களப்பிலிருந்து போய் வெளிநாட்டில் இருக்கும் ஒருவர்

கோட்டையையும் மணிக்கூட்டுக் கோபுரத்தையும் எப்படியும் வைத்துவிடுவார்கள், அதற்கு நான் தேவையில்லை. இரவு ஒன்பது மணிக்குப் பிறகு பிரதான வீதியில் படுத்திருக்கிற மாடுகளை வையுங்கள், ஹோர்ன் அடித்தாலும் எழும்பக் கூடாது. வெள்ளிக்கிழமை மதியம் காத்தான்குடியில் ஓட்டினால் கடைக் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டு வீதி வெறிச்சோடி, தொழுகை முடிந்ததும் ஒரேயடியாக நிரம்ப வேண்டும். அந்த நேரத்தில் உங்களுக்கு அங்கே ஒரு சாமான் அவசரமாகத் தேவைப்பட்டால் இன்னும் நல்லது, காத்திருங்கள். வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்கு நடக்கிற ஊர்களில் மட்டும் இரவு விடிய வெளிச்சம் இருக்க வேண்டும். கார்த்திகை மார்கழியில் வாவி ஏறி, நீங்கள் பழகிய ஒரு ஒழுங்கை இல்லாமல் போக வேண்டும். "எந்த ஊர் தம்பி, யாருடைய மகன்?" என்று கேட்காத ஒரு கிழவியும் இருக்கக் கூடாது, அதற்கு நீங்கள் சொல்கிற பதில் அடுத்த தெருவுக்கு உங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

பாடும் மீனை என்ன செய்வது என்று யோசித்தேன். மேப்பில் மீன் படம் போட்டு, தொட்டால் போய் இறங்கிக் கேட்டுவிட்டு வரலாம் என்று வைத்தால் ஊரே என்னோடு கோபிக்கும். முழுநிலா இரவாக இருக்க வேண்டும், காற்று இருக்கக் கூடாது, தோணியைக் கல்லடிப் பாலத்துக்குக் கிட்டக் கொண்டுபோய், துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு மற்றத் தலைப்பில் காதை வைக்க வேண்டும். இப்படி ஒன்று இருக்கிறது என்று கேமில் எங்கேயும் எழுதியிருக்கக் கூடாது, துறையில் வலை பின்னுகிற ஒருவர் மட்டும், அதுவும் நீங்கள் அவரோடு நாலு நாள் பழகினால், சொல்வார். பலபேர் கேட்காமலே கேமை முடித்துவிடுவார்கள். முடிக்கட்டும், இங்கேயே பிறந்து வளர்ந்த நானும் இன்னும் கேட்கவில்லை.